அம்மாவின் சுண்ணாம்பும் மச்சானின் லேண்ட்மாஸ்டரும்

2022 ஜூன் கடைசி, இலங்கை முழுக்க எரிபொருளுக்குத் தவித்த காலம். 20 லீற்றர் மஞ்சள் கானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீசல் கியூவில் மூன்றாவது நாளாக நிற்கிறேன். கான் என்னுடையது இல்லை, மச்சானுடையது. தங்கச்சியின் புருசன், தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். அவருடைய லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) டீசல் இல்லாமல் முற்றத்தில் கோழிகள் ஏறி உட்காரும் மேடையாகிப் பல நாள் ஆகியிருந்தது. அவருக்கு வயலில் வேலை. எனக்கோ, எரிபொருள் இல்லாததால் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள், ரியூசனுக்கும் பிள்ளைகள் வரமுடியாது, ஆகவே கியூ என் தலையில் விழுந்தது.

இதிலுள்ள வேடிக்கை, நாங்கள் நின்ற ஊர். திருகோணமலை சீனக்குடாவில் வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காக 1930களில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து அடித்ததில் எரிந்துபோன ஒன்றின் இரும்புச் சுவர் இன்றும் உருகிய மெழுகுபோல மடிந்து கிடக்கிறது. மிச்சத்தில் பெரும்பாலானவற்றைக் காடு மூடிவிட்டது. அந்தத் தாங்கிகளைப் பற்றி இந்தியாவோடு புது உடன்படிக்கை எழுதிய செய்தி 2022 ஜனவரியில்தான் பத்திரிகைகளில் வந்தது. ஆறு மாதம் கழித்து அதே ஊரில் நாங்கள் கானோடு நிற்கிறோம். எனக்கு முன்னால் நின்ற மீன் லொறிக்காரர், "தாங்கிக்கு என்ன குறை, எண்ணெய்தான் இல்ல" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி லொறிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கியூவில்தான் என்னுடைய உயர்தர வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளில் வந்து நின்றான். அப்பா கடலுக்குப் போகிறவர், மண்ணெண்ணெய்க்காக அவனும் அலைந்துகொண்டிருந்தான். "சேர், பாவிச்ச பொரிச்ச எண்ணெயில டீசல் செய்யலாமாமே, யூடியூப்பில பாத்தன். சுண்ணாம்பு இருந்தாக் காணுமாம்" என்றான். நான் இரசாயனவியல் வாத்தியார். பதினைந்து வருசமாகக் கரும்பலகையில் ஊக்கியை, அதாவது இரசாயனத் தாக்கத்தை வேகமாக்கும் பொருளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் ஒரு ஊக்கியை வைத்து உருப்படியாக ஒரு போத்தல் சாமான் செய்தது கிடையாது. "ஓம், செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த "ஓம்" தான் அடுத்த நான்கு மாதத்தைச் சாப்பிட்டது.

ஊக்கி என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் ஒரு மலையைப் போட்டுக் காட்டுவார்கள். இந்தப் பக்கம் தாக்கிகள், அந்தப் பக்கம் விளைபொருள்கள், நடுவில் ஏவற்சக்தி என்ற மலை, ஊக்கி வந்தால் மலை குட்டையாகிவிடும். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் கிண்ணியாவைத்தான் சொல்வது. 2009 இல் அந்த 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போகிறவன் பாதைக்குக் காத்து நிற்கவேண்டும் (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை). அது வரும், நிரம்பும், போகும், நீங்கள் அடுத்ததற்கு நிற்பீர்கள். பாலம் வந்ததும் கிண்ணியா பக்கத்தில் நகர்ந்து வந்துவிடவில்லை, யாரையும் பிடித்துத் தள்ளவும் இல்லை. போகவேண்டும் என்று இருந்தவன் வேறு வழியால் சுருக்கப் போனான், அவ்வளவுதான். போன பிறகும் பாலம் அங்கேயே இருக்கிறது, அடுத்தவனும் போகலாம். ஊக்கி தாக்கத்தில் பங்கெடுக்கும், ஆனால் முடிவில் பழையபடி மீண்டுவிடும் என்று நாங்கள் எழுதிக்கொடுப்பது இதைத்தான். பிள்ளைகளும் அதை அப்படியே எழுதி ஐந்து புள்ளி வாங்குவார்கள். அந்த வசனத்தின் இரண்டாவது பாதி எவ்வளவு பெரிய பொய்யாக இருக்கலாம் என்பதை நான் குசினியில்தான் கற்றேன்.

தாக்கம் இது: எந்தச் சமையல் எண்ணெயும் மூன்று நீண்ட கொழுப்பமில வால்களை ஒரு கிளிசரோல் துண்டு பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுதான். அந்த உருவத்தில் அது தடித்தது, எஞ்சினில் ஊற்றினால் உள்ளே கரி பிடிக்கும். மெதனோல் என்ற மதுசாரம் வந்து வால்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன்னோடு கட்டிக்கொண்டால் கிடைப்பது மெல்லிய மஞ்சள் திரவம், பயோடீசல். கிளிசரோல் கனமானது, அடியில் இறங்கிவிடும். 100 லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லீற்றர் மெதனோல், வெப்பநிலை 60 பாகை. (கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வைத்துச் செய்யலாமா சேர் என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தச் சூடு காணாது மகள்.) ஊக்கி இல்லாமல் இதைச் சும்மா கலக்கி வைத்தால் மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். கோஸ்டிக் சோடா கொஞ்சம் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

மெதனோலைப் பற்றி ஒரு வார்த்தை, யாராவது இதை வாசித்துவிட்டு வீட்டில் தொடங்குவதற்கு முன். கொஞ்சம் உள்ளே போனாலும் கண் போகும், உயிரும் போகும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 65 பாகைக்குக் கிட்டக் கொதித்துவிடும். நான் திறந்த வெளியில், நெருப்பை நேரே காட்டாமல், வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துத்தான் செய்தேன், அதுவும் பாதிப் பயத்தோடு.

முதல் தடவை கோஸ்டிக் சோடாதான். றோல்ஸ் போடும் கடையொன்றில் அண்ணன் ஒருவர் இரண்டு லீற்றர் பழைய எண்ணெயைச் சந்தோசமாகத் தந்தார், ஊற்ற இடமில்லாமல் இருந்திருக்கிறார். கோப்பி நிறம், அடியில் பாண்தூள். வடித்தேன், அளந்தேன், புதிய எண்ணெய்க்கு லீற்றருக்கு 3.5 கிராம் என்ற கணக்கில் சோடாவை மெதனோலில் கரைத்து ஊற்றிக் கலக்கினேன். அரை மணித்தியாலத்தில் போத்தலுக்குள் தொதல் பதத்தில் ஒன்று உருவாகிக் குலுக்கினாலும் அசையாமல் என்னைப் பார்த்தது. சவர்க்காரம்! இரசாயனவியல் வாத்தியார் இரண்டு லீற்றர் எண்ணெயைச் சவர்க்காரம் ஆக்கியிருக்கிறார். தங்கச்சி அதில் ஒரு கரண்டி எடுத்து அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துப் பார்த்து, நல்லாத்தான் போகுது அண்ணா என்றாள்.

பிழை எங்கே என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அவசரப்பட்டேன். ஈரமான சாமானை மறுபடி மறுபடி பொரிக்கும்போது அந்தத் தண்ணீரும் சூடும் சேர்ந்து வால்களைக் கழற்றி விட்டுவிடும். அப்படித் தனியே அலையும் கொழுப்பமிலத்தைக் கோஸ்டிக் சோடா போன்ற காரம் கண்டால் விடாது, பிடித்துச் சவர்க்காரமாக்கும். அதாவது ஊக்கியாக வேலை செய்யப் போனது, வேலை தொடங்கும் முன்பே வாசலில் சண்டை பிடித்துச் செத்துப்போனது. எண்ணெயில் இந்த அமிலம் இரண்டு மூன்று வீதத்தைத் தாண்டினால் இந்தக் கதைதான். முதலில் கொஞ்சம் எண்ணெயை எடுத்து அமிலம் எவ்வளவு என்று நியமிப்புச் செய்து பார்த்திருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு வருசா வருசம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் அதே நியமிப்பு.

அப்புறம் சுண்ணாம்பு. கோஸ்டிக் சோடாவோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. சோடா மெதனோலில் கரைந்துவிடும், வேலை முடிந்த பிறகு அதைக் கழுவியெடுக்கத் தண்ணீர் தண்ணீராக ஊற்றவேண்டும், அந்தச் சோடாத் தண்ணீரை எங்கே விடுவது? சுண்ணாம்பு திண்மம், கரையாது (என்று அன்றைக்கு நினைத்தேன்), வடித்தெடுத்து மறுபடி போடலாம். உலகம் முழுக்க முட்டைக்கோது, நத்தை ஓடு, சிப்பி என்று சுட்டுப் பயோடீசல் செய்த ஆய்வுக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. எங்கள் ஊரில் சிப்பிக்கா பஞ்சம்? தம்பலகாமக் குடாவில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் தட்டையான சிப்பி ஒன்று உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் அதற்குள் இருக்கும் பொடி முத்துக்காகவே குளித்து எடுத்திருக்கிறார்கள். நகைக்கு உதவாத அந்த முத்துக்களை இந்தியாவுக்கு ஏற்றி, அங்கே வசதிபடைத்தவர்கள் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு போட்டிருக்கிறார்கள். முத்தையே சுட்டுத் தின்ற காலம். நான் சுடப்போனது மட்டிக்கோது.

முதலில் அம்மாவின் சுண்ணாம்புப் போத்தலில்தான் கை வைத்தேன், உண்மையைச் சொல்லவேண்டும். "தம்பி, உனக்கு உலகத்தில வேற ஒண்டும் கிடைக்கேல்லயா" என்று அம்மா பறித்துக்கொண்டதும் நல்லதற்குத்தான், ஏனென்றால் வெற்றிலைக்குப் போடுவது நீறிய சுண்ணாம்பு. தண்ணீர் குடித்து அடங்கிப்போன சரக்கு, இந்த வேலைக்கு அநேகமாக உதவாது. வேண்டியது சுட்ட சுண்ணாம்பு, கல்சியம் ஒட்சைட்டு. கோதை 800, 900 பாகைக்குக் கொண்டுபோனால் அதற்குள் இருக்கும் காபனீரொட்சைட்டு கழன்று போய்விடும், மிச்சம் நிற்பது அது. 100 கிராம் கோது போட்டால் 56 கிராம் வரும், 44 கிராம் வாயுவாகப் போகும். பசுமை எரிபொருள் செய்யப் புறப்பட்டவன் தொடக்கத்திலேயே காபனீரொட்சைட்டு விடுகிறான் என்பதைக் கவனியுங்கள். கட்டுரைகளில் இதைப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை. இன்னும் மோசம், ஒவ்வொரு தடவை சோர்ந்துபோகும்போதும் அதை மறுபடி அவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோய்த்தான் எழுப்பவேண்டும்.

அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? காஸ் சிலிண்டருக்கும் கியூ இருந்த காலம் அது. கத்தி, மண்வெட்டி அடிக்கும் ஒரு ஐயாவின் பட்டறையில், சிரட்டைக்கரி உலையின் ஓரத்தில், இரும்புத் தகரத்துக்குள் கோதைப் போட்டு மூன்று மணித்தியாலம் வைத்தோம். ஐயா துருத்தியைப் போட்டுக்கொண்டே, "சுண்ணாம்பு சுடுறவனெல்லாம் சூளையை விட்டிட்டு என்னட்ட வாறான்" என்று சிரித்தார். செம்மஞ்சளாகத் தணல் நிறம் வந்து ஆறியபோது கோது வெள்ளையாக, தொட்டால் பொடியும் பதத்தில் இருந்தது. சந்தோசத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு மூடி, மூடி சரியாக இறுகவில்லை என்பதைக் கவனிக்காமல் படுத்துவிட்டேன். அடுத்த நாள் வேலையைத் தொடங்கினேன். ஐந்து மணித்தியாலம் கலக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் எண்ணெயாகவே நின்றது.

கடற்கரை ஊரின் காற்றில் எவ்வளவு ஈரம் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் தெரியும். சுட்ட சுண்ணாம்பு அந்த ஈரத்தையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் இழுத்து, வெளித்தோல் முழுக்க நீறியும் மறுபடி கோதாகியும் போயிருந்தது. ஊக்கியின் வேலையெல்லாம் தோலில்தான். உள்ளே எவ்வளவு நல்ல சரக்கு இருந்தாலும் தோல் போனால் ஆள் போனதுதான்.

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். குறைவாகப் பொரித்த எண்ணெயாகத் தேர்ந்தெடுத்து, 110 பாகையில் காய்ச்சித் தண்ணீரைப் போக்கி, நியமித்து அமிலம் குறைவென்று பார்த்து, பட்டறையிலிருந்து சுடச்சுடச் சுண்ணாம்பை இறுகிய போத்தலில் கொண்டுவந்து, மெதனோலில் கொட்டி, பழைய மின்விசிறி மோட்டரொன்றில் கட்டிய கரண்டியால் மூன்று மணித்தியாலம் கலக்கினோம். பையனும் நானும் மாறி மாறிக் காவல். நிறுத்தி அரை மணித்தியாலம் ஆனபோது கீழே கருமஞ்சளாக ஒரு படை, மேலே தெளிவான தேயிலை நிறத்தில் இன்னொரு படை. கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நின்றது. பதினைந்து வருசம் கரும்பலகையில் வரைந்த அம்புக்குறி முதல்முறை போத்தலுக்குள் நின்றதைப் பார்த்தபோது, சும்மா சொல்லக்கூடாது, கண் கலங்கிவிட்டது. மெதனோல் ஆவி என்று பையனிடம் சொல்லிச் சமாளித்தேன்.

மச்சான் லேசில் நம்பவில்லை. "இதை ஊத்தி எஞ்சின் போச்செண்டா உங்கட வீட்டு வாசலில கொண்டுவந்து நிப்பாட்டிருவன்" என்றார். நாலு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு கலந்து, இரண்டு பேரும் சாமி கும்பிட்டு, கைபிடியைச் சுற்றினோம். டக் டக் என்று பிடித்துக்கொண்டது! புகையில் றோல்ஸ் வாசம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தன. அன்றைக்கு இரவு தங்கச்சி வீட்டில் கோழி அடித்தார்கள், அதே மேடையில் உட்கார்ந்திருந்த கோழிதான் என்று நினைக்கிறேன்.

பத்தாம் நாள் லேண்ட்மாஸ்டரின் எரிபொருள் வடி அடைத்தது. கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகப் பசைமாதிரி ஒன்று. கல்சியம்.

இங்கேதான் நான் கரையாது என்று நினைத்ததன் கதை. சுட்ட சுண்ணாம்பு மெதனோலிலும் கிளிசரோலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, மிச்சம் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து கல்சியச் சவர்க்காரமும் ஆகிறது, அது எரிபொருளோடு எஞ்சினுக்குப் போகிறது. ஐரோப்பியத் தரத்தில் ஒரு கிலோ பயோடீசலுக்குள் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. என்னுடையதில் எவ்வளவு இருந்ததோ, வடியே சாட்சி. வடித்தெடுத்த அதே சுண்ணாம்பை இரண்டாம் தடவை போட்டேன், நேரம் இரண்டு மடங்கு எடுத்தது. மூன்றாம் தடவை படை பிரியவே இல்லை. பாலம் அங்கேயே இருக்கும், அடுத்தவனும் போகலாம் என்று சொன்னேனே, மூன்றாவது லொறியோடு பாலம் ஆற்றுக்குள்.

அதற்குப் பிறகுதான் இந்தத் துறைக் கட்டுரைகளை வேறு கண்ணால் வாசிக்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் முதல் பக்கத்தில் 98 வீதம் விளைவு என்று இருந்தால் ஆகா என்று அடுத்ததற்குப் போவேன். இப்போது நேரே கடைசிக்குப் போகிறேன்: எத்தனை தடவை மீளப் பாவித்தார்கள், எந்த எண்ணெயில் செய்தார்கள்? பல கட்டுரைகளில் எண்ணெய் கடையில் வாங்கிய சுத்தமான சோயா எண்ணெய், மீள்பாவனை நாலைந்து தடவை. கழிவை எரிபொருளாக்கும் ஊக்கி என்று தலைப்பு, ஆனால் அந்த ஊக்கி கழிவைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் அரசாங்கத் தமிழில் இந்த வகைச் சாமானுக்கு "நிலைபேறான" என்று அடைமொழி போடுவார்கள். நல்ல சொல். நிலைத்து நிற்பது. கோதிலிருந்து செய்ததா, உமியிலிருந்து செய்ததா என்பது அந்தச் சொல்லில் இல்லை, எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் இருக்கிறது.

ஊக்கிகள் சாகும் விதங்கள் தனி இலக்கியம். என்னுடையது கரைந்தும் காற்றுப் பட்டும் செத்தது. பெரிய ஆலைகளில் கரி படிந்து மூச்சடைத்துச் சாகும். சூட்டில் பொடித் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, தோல் குறைந்து சாகும். நஞ்சு உண்டும் சாகும். நிக்கலுக்கும் பிளாற்றினத்துக்கும் கந்தகம் அப்படி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் இறங்கினால்தானே அடுத்தவன் உட்காரலாம், கந்தகம் ஏறி உட்கார்ந்தால் கடைசித் தரிப்பு தாண்டியும் இறங்காது. சபட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் நிக்கலை வைத்து ஐதரசனேற்றம் செய்து காட்டி 1912 இல் நோபல் பரிசு வாங்கினார். காபனீரொட்சைட்டையும் ஐதரசனையும் நிக்கலின் மேல் விட்டு மெதேன் வாயு எடுக்கலாம் என்று காட்டியவரும் அவர்தான். இன்றைக்கு வீணாகும் காபனீரொட்சைட்டை எரிபொருளாக்குவோம் என்று பேசுகிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதே நிக்கல் வழியை. வாயுவைக் கழுவாமல் உள்ளே விட்டால் முதலில் விழுவதும் அதே நிக்கல்தான்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் சபட்டியேயும் இல்லை, ஹேபரும் இல்லை, மித்தாஸ் என்ற ஜேர்மன்காரர். காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியா எடுக்க ஹேபர் ஒசுமியம் என்ற உலோகத்தைப் பிடித்தார். அருமையாக வேலை செய்யும், ஆனால் உலகத்தில் இருப்பதே கொஞ்சம். கம்பனியில் மித்தாசைக் கூப்பிட்டு மலிவாக ஒன்றைக் கண்டுபிடி என்றார்கள். அவரும் ஆட்களும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார்கள். 1909 இல் சுவீடனிலிருந்து வந்த ஒரு இரும்புத்தாது எதிர்பாராமல் நன்றாக ஓடியது, சுத்தமான இரும்போ அவ்வளவு தூரம் ஓடவில்லை. காரணம் தாதுவிலிருந்த அழுக்கு. அலுமினியம் ஒட்சைட்டு, பொற்றாசியம் என்று கொஞ்சம் கொஞ்சம் கலந்திருந்தவைதான் இரும்பைத் தாங்கிப் பிடித்தன. இன்றைக்கும் உலகத்தின் நைதரசன் உரத்தில் பெரும்பகுதி அந்த இரும்பு வம்சத்தின் மேல்தான் நிற்கிறது. மண்ணில் அள்ளலாம், விலை மலிவு, ஆண்டுக்கணக்கில் ஓடும். ஒசுமியம் அதைவிடக் கெட்டிக்காரன், ஆனால் ஒசுமியத்தை நம்பியிருந்தால் எங்கள் வயலுக்கு யூரியாவே வந்திராது.

சரி, என் கோப்பி நிற எண்ணெய்க்கு என்ன வழி? காரம் போட்டால் சவர்க்காரம் ஆகிற எண்ணெய்க்கு அமில ஊக்கி வேண்டும். அது அலையும் கொழுப்பமிலத்தோடு சண்டை பிடிக்காமல் அதையும் மெதனோலோடு கட்டிப் பயோடீசலாக்கிவிடும். 2005 இல் யப்பானில் ஹரா என்ற பேராசிரியரின் குழு ஒரு வேலை செய்தது: சாதாரண சீனியை முழுதாக எரியவிடாமல் அரைகுறைக் கரியாக்கி, கடும் சல்பூரிக்கமிலத்தில் போட்டுச் சூடாக்கி, பிறகு கழுவியெடுத்தார்கள். கறுப்புத் தூள், தண்ணீரிலும் மெதனோலிலும் கரையாது, அமிலம் கரியோடு பிணைந்து நிற்கும். அதை வாசித்தபோது கந்தளாயில் மூடிக்கிடந்த சீனித் தொழிற்சாலை ஞாபகம் வந்தது, அது என் பாட்டுக்கு வந்த ஞாபகம், விடுங்கள். சீனி எதற்கு, உமிக்கரியிலும் இதையே செய்கிறார்கள். 1,000 கிலோ நெல்லில் 200 கிலோ அளவில் உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல், சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அந்தச் சிலிக்காவிலிருந்து சியோலைற்று (ஊக்கியாகப் பாவிக்கும் நுண்துளைக் கனிமம்) செய்யலாம், மற்ற ஊக்கிகளை ஏற்றி வைக்கும் தாங்கியாகவும் பாவிக்கலாம். தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய் மில்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் மலைமலையாகக் கிடக்கிறது. இது சும்மா கனவு இல்லை, ஆனால் கடும் சல்பூரிக்கமிலத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதாகவும் இல்லை. அம்மா இருக்கிறா.

பிளாஸ்டிக்கைக் காய்ச்சி டீசல் எடுப்பதைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பொலித்தீன், பொலிபுரோப்பிலீன் இரண்டையும் காற்றுப் படாமல் 400, 500 பாகைக்குக் கொண்டுபோனால் உடைந்து எண்ணெய் வரும், உண்மை. ஊக்கி இல்லாவிட்டால் பாதி மெழுகாக இறுகிவிடும், சியோலைற்று இருந்தால் சின்னத் துண்டாக வெட்டி இளகின எண்ணெய் தரும். ஆனால் அந்தக் குவியலுக்குள் ஒரு துண்டு பிவிசி குழாய் போனால் ஐதரோகுளோரிக்கமிலம் வரும், பாத்திரமும் போகும் ஊக்கியும் போகும் உங்கள் நெஞ்சும் போகும். தகர டிரம்மில் விறகு வைத்துச் செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்து யாரும் இறங்கவேண்டாம். இதில் ஊக்கியைவிடப் பெரிய ஊக்கி, குப்பையைப் பிரித்துப் போடுகிற கைதான்.

புல்மோட்டையைப் பற்றி எழுதாமல் விட்டால் என் மாணவர்களே கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தின் வடக்கு மூலையில் அந்தக் கறுப்பு மணல், இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தது. கப்பலில் ஏற்றி மூலப்பொருளாகவே அனுப்புகிறோம், வெளியே அது வெள்ளைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டாகிப் பெயின்றாகவும் பற்பசையாகவும் திரும்பி வருகிறது. அதே தைத்தேனியம் ஈரொட்சைட்டில் செய்த மின்வாயின் மேல் வெளிச்சம் விழுந்தால் தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும் என்று 1972 இல் புஜிசிமாவும் ஹொண்டாவும் காட்டினார்கள். பெரிய புகழ். ஆனால் அதற்கு வேண்டியது புற ஊதா வெளிச்சம், வெயிலில் அது நூற்றில் ஐந்து பங்குகூட இராது, அதனால் ஐம்பது வருசமாகியும் கூரையில் ஓடவில்லை. எனக்கு அதைவிடச் சுவாரசியமான செய்தி வேறு: சுவீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்துக் கொதிகலனில், மரச்சில்லுகளை எரிக்கும் அடிமணலுக்குப் பதிலாக இல்மனைற்றையே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது ஒட்சிசனை ஒரு பக்கம் வாங்கி இன்னொரு பக்கம் கொடுக்கும், விறகுவாயுவிலிருக்கும் தாரையும் உடைக்கும். மலிவான இயற்கைத் தாது. தேய்ந்தால் புதிதாக ஒரு கூடை கொட்டலாம். மித்தாஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

பச்சை ஐதரசன் (காற்று, வெயில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் அதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நல்ல வகை மின்பகுப்புக் கலங்களில் ஒன்று இரிடியம் கேட்கிறது, உலகத்தில் ஒரு வருசத்துக்குத் தோண்டியெடுப்பதே ஏழு எட்டுத் தொன். நிக்கல் போட்ட பழைய காரக் கலம் மெதுவானது, பருத்தது, ஆனால் வருசக்கணக்கில் ஓடும். நான் எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

என் தொழிற்சாலைக்கு என்ன ஆனது? எரிபொருளைப் பங்கிட QR அட்டை வந்தது, கியூ குறைந்தது, மச்சானுக்குக் கோட்டா டீசல் கிடைத்தது. அதைவிடப் பெரிய அடி றோல்ஸ் கடை அண்ணனிடமிருந்து வந்தது. முதலில் சும்மா தந்தவர், நாலாம் தடவை போனபோது, "தம்பி, இப்ப இதுக்கு விலை கேக்கினம்" என்று தலையைச் சொறிந்தார். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மறுபடி பொரிப்பதற்கு இல்லாவிட்டால் சரி. அது கழிவாக இருக்கும்வரைதான் என் கணக்கு சரி, விலை வந்த நிமிடத்தில் டீசலைவிட என் டீசல் விலை கூடிவிட்டது. எந்தக் கட்டுரையிலும் இந்த மாறியைக் காணவில்லை.

பையன் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகம் போய்விட்டான். போன மாதம் அழைத்தான், உமிக்கரியில் ஏதோ செய்கிறார்களாம். எத்தனை தடவை மீளப் பாவிச்சனீங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆறாம் தரம் ஓடிக்கொண்டிருக்கு சேர். றோல்ஸ் எண்ணெய்தான்" என்றான்.

ஹோர்லிக்ஸ் போத்தலில் மிச்சமிருந்த சுண்ணாம்பு இரண்டு வருசம் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. அம்மா அதை இறக்கி, வெற்றிலைக்கு ஆகுமோ என்று மணந்து பார்த்தா. ஆகாது அம்மா, எண்ணெய் பட்டது என்றேன். அப்ப சும்மா எறியாதே என்று தண்ணீர் விட்டுக் கரைத்து, முன்வாசல் தென்னைக்கு இடுப்பளவுக்குப் பூசிவிட்டா. இந்த மாரிக்கு அது பாதி கழுவுப்பட்டுவிட்டது.